ஆடிக்கு முன்னால் குடிபோன டேட்டாபேஸ்

1. எங்கள் அலுவலகத்து மூலையில் இருந்த பழைய சர்வரிலிருந்து, சென்னையில் வாடகைக்கு எடுத்த புது சர்வருக்கு டேட்டாபேஸை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

2. அந்த ஞாயிறு ஆடி மாதத்தில் வருகிறது என்று முதலாளி சொன்னார். வருகிறது என்று ஒப்புக்கொண்டேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

3. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்தில் எனக்கு ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பால் கொடுத்தார்கள். குடித்தேன்.

4. ஞாயிற்றுக்கிழமை டேட்டாபேஸை மாற்றினேன். பழையதிலும் புதியதிலும் எல்லா எண்ணிக்கையும் ஒன்றுபோல இருந்தது.

5. திங்கட்கிழமை காலையில் தேங்காய்ப்பட்டணத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் போன் செய்து, ஒரு கல்யாணத்தைக் காணவில்லை என்றார்.

6. அந்தக் கல்யாணத்தின் படமும் வீடியோவும் அவருடைய கேமராவில் இல்லை. லேப்டாப்பிலும் இல்லை. எங்களிடம்தான் இருந்தாக வேண்டும்.

7. எங்களிடம் இருந்தன. எது எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஏழாவதை விளக்காமல் மேலே போக முடியாது. இதை ஸ்டுடியோக்காரருக்கும் முதலாளிக்கும் நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். இருவரும் ஒவ்வொரு முறையும் புரிந்த மாதிரி தலையாட்டியிருக்கிறார்கள்.

கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் கடை இருக்கிறதல்லவா, எங்கள் தொழில் ஏறக்குறைய அதுதான். நாகர்கோவிலிலும் சுற்றிலும் உள்ள ஸ்கேன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஸ்டுடியோ எல்லாம் தங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதற்கு ஒரு பிரதியை இன்டர்நெட் வழியாக எங்களிடம் அனுப்பிவைக்கின்றன. அனுப்பும்போதே அவை துண்டாக்கப்பட்டு, பூட்டப்பட்டு, பெயரில்லாத உறைகளாக, எங்கள் ஊரில் கிட்டங்கி என்று சொல்லும் ஒரு பெரிய கிடங்குக்குப் போகின்றன. கிளவுட் என்று எல்லாரும் சொல்வது அந்தக் கிட்டங்கியை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அங்கே ஓர் அறை உண்டு. அறைக்குள் கிடக்கிற உறையில் என்ன இருக்கிறது, அது எந்தப் படத்தின் எந்தத் துண்டு என்பது கிட்டங்கிக்குத் தெரியாது. எங்கள் டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரியும். செருப்பு அங்கே, டோக்கன் இங்கே. டோக்கன் தொலைந்தால் ஒரு செருப்பும் திருடு போயிருக்காது. ஆனால் எல்லாரும் வெறுங்காலோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு துப்புரவு புரோகிராம் ஓடும். டோக்கன் இல்லாத செருப்பு எதைப் பார்த்தாலும் தூக்கி வீசிவிடும். வீசியது திரும்ப வராது. மாற்றம் நடக்கிற நாட்களில் அது ஓடக் கூடாது என்பதால் முன்கூட்டியே நிறுத்திவைத்திருந்தேன். எல்லாம் சரியாக நடந்துவிட்டதென்று திங்கள் மாலை அதை மறுபடி ஓட விடுவதாக இருந்தேன். ஸ்டுடியோக்காரர் காலையில் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு ஆறு வரியே போதும்.

பழைய சர்வர் என் மேசைக்கு இரண்டடி தள்ளி இருந்தது. அதன் விசிறிச் சத்தத்தில் போன் பேச முடியாது. கரண்ட் போனால் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டரைத் தேடி நான் கீழே ஓட வேண்டும். போன மழைக்காலத்திலிருந்து அதன் டிஸ்க் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எச்சரிக்கையையும் அச்சடித்து முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் அவற்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கடைசியில் ஒரு நாள் சர்வர் தானாக நின்று தானாகக் கிளம்பிய பிறகுதான் புதிதுக்குச் சம்மதித்தார்.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கம்ப்யூட்டர் பாகங்களை வாங்கி, பொருத்தி விற்கிற கடையிலிருந்து வளர்ந்தவர். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை. தெரியாததைத் தெரியாது என்று விட மாட்டார், தொட்டுப் பார்ப்பார். அவருடைய எல்லாத் தொல்லையும் இந்த ஒரு குணத்திலிருந்து வருகிறது. எல்லா வாடிக்கையாளர் கம்ப்யூட்டரும் எங்களுடைய ஒரே முகவரியைத் தேடித்தான் வரும். அந்த முகவரி பழைய சர்வரைக் காட்ட வேண்டுமா புதியதைக் காட்ட வேண்டுமா என்பதைத் திரையில் ஒரே இடத்தில் மாற்றலாம். மாற்றத்துக்கு முந்தைய வாரம் ஒத்திகைக்காக டேட்டாபேஸின் ஒரு பிரதியைப் புது சர்வரில் ஏற்றி, யாருக்கும் பாதிப்பில்லாமல் சோதித்துப் பார்த்தேன். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "இவ்வளவுதானா மக்கா!" என்றார். அந்தச் சொல்லை நான் கவனித்திருக்கலாம்.

நான் எழுதிவைத்த முறை எளிமையானது. ஞாயிறு, எல்லாரும் ஓய்ந்திருக்கும் நேரம். பேக்கப்பை நிறுத்து. ஒத்திகைப் பிரதியை அழி. பழையதிலிருந்து முழுசாகப் புதுப் பிரதி எடுத்து ஏற்று. எண்ணிப் பார். முகவரியை மாற்று. பேக்கப்பைத் தொடங்கு.

அப்படியே நடந்தது. ஒரு வரிசை கூடவில்லை, ஒரு வரிசை குறையவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

திங்கள் காலை அந்த போன் வந்தது.

"மோளே, வியாழக்கிழமைக் கலியாணத்தக் காணல."

"எங்க தேடுனிய அண்ணே?"

"ஒனக்க புரோகிராமிலதான். புதன்கிழமை வரைக்கும் இருக்கு. வெள்ளிக்கிழமைக் கலியாணம் இருக்கு. எடையில உள்ளதக் காணல."

"செரி, கேமரா கார்டுல இருக்கும்லா, அதை மறுபடி அனுப்புங்க."

"கார்ட அழிச்சாச்சே. வெள்ளிக்கிழமைக் கலியாணம் எடுக்கணும்லா? ஆனி முடியப்போகுன்னு ஒக்கக் கலியாணத்தையும் வாரிச் சேத்து வச்சிருக்கானுவ."

"லேப்டாப்புல?"

"அதுலயும் எடமில்ல. பச்சை டிக்கு வந்தப்பொறவுதான் அழிச்சேன் மோளே. சும்மா அழிக்கல்ல. கிளவுடுல இருக்குல்லா!"

கிளவுடுல இருக்குல்லா. இந்த வாக்கியத்தை மாவட்டம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். பேக்கப் என்றால் இரண்டாவது பிரதி. முதல் பிரதியை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பதற்குப் பேர் பேக்கப் இல்லை. இதையும் அவரிடம் சொல்லியிருந்தேன், சேர்ந்த அன்றே. கார்டில் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டதால் அதிலிருந்து மீட்க வழியில்லை. அவர் வைத்திருக்கும் லேப்டாப் வகையில் அழித்தது அழித்ததுதான்.

"அந்தக் கலியாணப் பிள்ளைக்க வீடு எங்க தெருவுதான் மோளே," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆடிக்கு அம்மைக்க வீட்டுக்கு வந்திருக்கு. மாப்பிள்ள லீவு முடிஞ்சு மஸ்கட்டுக்குப் போயாச்சு. நேத்தும் வந்து, இன்னைக்கும் வந்து, வீடியோ எங்கன்னு கேக்குது. நான் எங்க போயி முகத்த வைப்பேன்?"

பச்சை டிக் வந்தது என்றாரே, அதுதான் எனக்கு உறுத்தியது. டேட்டாபேஸில் பதிவு முழுசாக எழுதப்பட்ட பிறகுதான் புரோகிராம் அந்த டிக்கைக் காட்டும். படங்கள் வியாழன் மாலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தாலும், மொத்தப் பதிவும் வேலை முடிகிற கணத்தில் ஒரே தடவையாக விழும். அன்றே அவர் அந்தத் திரையைப் போனில் படம்பிடித்து வைத்திருந்ததை எனக்கு அனுப்பினார்; அதில் டிக் வெள்ளிக்கிழமை விடிகாலையில் விழுந்திருந்தது. ஆக எங்கேயோ எழுதப்பட்டிருக்கிறது. பழைய டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். வெள்ளி விடியும் நேரத்தில் ஓர் ஓட்டை. ஸ்டுடியோ மட்டுமல்ல, அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளரின் பதிவும் இல்லை. பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, எல்லாம் தொடர்கிறது.

அண்ணாச்சி தன் அறையில் ஏத்தன்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை காலையில சர்வர்ல யாராவது எதையாவது மாத்துனாங்களா?"

"மாத்துனது ஒண்ணுமில்ல மக்கா. பால் காய்ச்சினோம். நீயும் குடிச்சியே."

"பால் எங்க காய்ச்சினிய?"

"இங்கனதான், இண்டக்‌ஷன் அடுப்புல. ஒங்க மைனி வந்திருந்தால்லா."

"அது அடுப்புல. சர்வர்ல என்ன செஞ்சிய?" மைனி என்றால் அவர் மனைவி.

பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"நல்ல நேரம் முடியதுக்குள்ள புதுசுக்கு மாத்தினேன். மைனி கற்பூரம் காட்டினா. பொறவு பழையதுக்கே மாத்தி வச்சிட்டேன். கொஞ்ச நேரம்தான் கேட்டியா."

"கொஞ்ச நேரம்னா?"

"பால் பொங்கி, எல்லாத்துக்கும் ஊத்தி வச்சி... பொறவு மைனி இட்லி கொண்டு வந்திருந்தா. நாலு இட்லி. அவ்வளவுதான்."

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். வீட்டு வேலை முடியாவிட்டாலும், சன்னலுக்குக் கதவு இல்லாவிட்டாலும், ஆனியில் கடைசி நல்ல நாளில் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பழைய வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவார்கள். முறைப்படி குடிபோய்விட்டதாகக் கணக்கு. சாமான்களை ஆடியில் ஏற்றினாலும் தோஷமில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். வீட்டுக்கு இதனால் ஒரு கெடுதலும் வராது, காரணம் ஒன்றே ஒன்றுதான்: வீடு அந்த இடைவெளியில் எதையும் எழுதிவைத்துக்கொள்ளாது.

"நான் உள்ள போயி ஒண்ணையும் தொடல மக்கா. வீட்டுக்குன்னா ஒரு ராத்திரியாவது தங்கணும்னு சொல்லுவாவ. நான் அதுகூடச் செய்யல."

"நீங்க தொடல அண்ணாச்சி. நீங்க கதவத் தொறந்து வச்சிட்டு இட்லி தின்ன நேரத்துல, ஸ்டுடியோக்காரருக்க ராத்திரி முழுக்க ஏறின கலியாணம் உள்ள போயிட்டு. நீங்க கதவப் பூட்டிட்டு வந்துட்டிய. நான் ஞாயித்துக்கெழம போயி, ஒத்திகைப் பிரதிதானன்னு அந்த வீட்டை இடிச்சிட்டு வேற கட்டிட்டேன்."

"இடிக்கதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கண்டாமா?"

கதவு வழியாக என் மேசையைப் பார்த்தேன். மானிட்டரின் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையே அதைப் பார்த்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்திருக்கிறேன். சர்வர் இருப்பது சென்னையில். ஆரத்தி எடுத்தது என் மானிட்டருக்கு.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லுவே."

இது உண்மை.

அந்த முன்பகலில் எனக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தேன். புது சர்வர் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கிற வசதி உண்டு. பிரதி வேகமாக ஏற வேண்டும் என்று அதை அணைத்துவைத்திருந்தேன், ஞாயிறு மாலைதான் இயக்கினேன். சென்னையில் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் சர்வரின் நகல் ஒன்றை எடுப்பார்கள்; முந்தைய நாள் நகலின் மேலேயே அடுத்த நாள் நகலை எழுதிவிடுவார்கள். கூடுதல் நகல்களை வைத்திருக்கும் திட்டம் அண்ணாச்சிக்குத் தேவையற்றதாகப் பட்டிருந்தது. மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்களிடம் மூலம் இருந்ததால், விட்டுப்போனதை அவர்களுடைய கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி அனுப்பிவிட்டது. மாவட்டத்திலேயே மூலத்தை அழித்திருந்தது ஒரே ஒருவர்.

ஒரு வழிதான் மிஞ்சியது. கிட்டங்கியில் ஸ்டுடியோவின் அறையில், வியாழன் மாலையிலிருந்து வெள்ளி விடியும் வரை வந்து விழுந்த உறைகளில் டோக்கன் இல்லாதவற்றை எல்லாம் அள்ளுவது. பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பது என்னவென்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. அதற்கு ஸ்டுடியோக்காரரின் கடவுச்சொல் வேண்டும். அது அவரிடம் மட்டும்தான் இருக்கும்; எங்களிடம் இல்லாமல் இருப்பதுதான் எங்கள் சேவையின் பெருமை என்று நோட்டீஸில்கூடப் போட்டிருக்கிறோம்.

போன் செய்தேன்.

"அண்ணே, ஒங்க பாஸ்வேர்டு வேணும்."

"போன்ல சொல்ல மாட்டேன் மோளே."

"நான்தான் அண்ணே கேக்கேன்."

"நீதான சொன்ன, ஆரு கேட்டாலும், நானே கேட்டாலும் சொல்லப்பிடாதுன்னு. நான் எனக்க வீட்டுக்காரிட்டகூட சொல்லல்ல."

நான் சொன்ன பத்து விஷயங்களில் ஒன்பதைக் காற்றில் விட்டவர், பத்தாவதை இப்படிப் பிடித்துவைத்திருந்தார். மறுநாள் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "கார்ல போ மக்கா, டிரைவர அனுப்புகேன்," என்றார் அண்ணாச்சி. டிரைவர் வரவில்லை. தக்கலையில் இறங்கி, கருங்கல் பஸ்ஸுக்குக் காத்து நின்று, அங்கிருந்து இன்னொரு பஸ். கடைசி பஸ்ஸில் மீன் சட்டிகளுக்கு நடுவில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, "இதுக்குள்ள மீன் வெள்ளம் பட்டா கேடாயிருமோ?" என்று கேட்டுவிட்டு, சட்டியை நகர்த்தாமல் என்னை நகரச் சொன்னார்.

ஸ்டுடியோ, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே ஒரு பெண் குரல் கேட்டது.

"எண்ணே, ஒழுங்கா சொல்லும். எனக்க கலியாணம் எங்க போச்சு?"

"கிளவுடுல இருக்கு மோளே."

"தெனமும் இதையே சொல்லுதீரு. மழை பெஞ்சா விழுமா?"

உள்ளே போனேன். ஸ்டுடியோக்காரர் எழுந்து, ஏதோ டாக்டர் வந்த மாதிரி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கல்யாணப் பெண் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சில வயது சிறியவள். கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு.

"எக்கா, தொலைச்சது நீங்களா?"

"தொலைக்கல. கலந்து போச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான," என்றாள்.

ஸ்டுடியோக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு கையால் இன்னொரு கையை மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தார். தவறு என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி தவறு. "ஒருக்கா கண்ண மூடுங்க ரெண்டு பேரும்," என்றார். மூடினோம். மூன்றாவது முறை திறந்தது.

உறைகள் இறங்க ஆரம்பித்தன. ஒரு துண்டுக்குள் அடங்குகிற அளவுதான் போட்டோ. ஆக ஒரு உறைக்கு ஒரு படம், முழுசாக. பெயர்தான் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வால். ஆனால் எந்த டிஜிட்டல் படத்துக்குள்ளும் அது எடுக்கப்பட்ட நேரம் இருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்த ஒரு சின்ன புரோகிராமை முந்தின நாளே எழுதிக் கொண்டு வந்திருந்தேன். ஓடவிட்டேன். படங்கள் வரிசையாக வந்து நின்றன. ஸ்டுடியோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக்கூட மனசு கொஞ்சம் இளகியது.

அந்தப் பெண் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நின்றாள்.

"எக்கா, இதுல எனக்குத் தாலி கட்டியாச்சு. அடுத்ததுல கழுத்துல ஒண்ணுமில்ல, மாப்பிள்ள இப்பம்தான் கார்லேருந்து எறங்குதாரு. பொறவும் ஒருக்கா தாலி கட்டுதாரு."

"வாயில நல்லது வரட்டும் மோளே!" என்றார் ஸ்டுடியோக்காரர் பதறிப்போய்.

"நான் என்ன செய்ய? ஒங்க படந்தான் அப்பிடிச் சொல்லுது."

நான் படங்களின் விவரத்தைத் திறந்தேன். இரண்டு கேமரா. ஒன்றின் கடிகாரம் சரி. இன்னொன்று ஒன்றரை மணி நேரம் பின்னால்.

"அண்ணே, ரெண்டாவது கேமரா எங்க வாங்குனது?"

"அது எனக்க மச்சான் மஸ்கட்டுலேருந்து கொண்டு வந்ததாக்கும். நல்ல கொள்ளாம் கேமரா."

"அதுல நேரத்த மாத்துனியளா?"

"என்ன நேரம்?"

கேமரா ஊருக்கு வந்து ரெண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அதன் கடிகாரம் இன்னும் மஸ்கட்டில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதன் படங்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிப் போட்டேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார், மாலை மாற்றினார்கள், ஒரே ஒருமுறை தாலி கட்டினார், எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒரு படமும் விட்டுப்போகவில்லை.

வீடியோதான் தகராறு. சின்னச் சின்னத் துண்டு வீடியோக்களில் சில ஓர் உறைக்குள் அடங்கியிருந்தன, அவை ஓடின. ஆனால் முகூர்த்த நேரத்தை ஸ்டுடியோக்காரர் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்திருக்கிறார். அந்த ஒரே வீடியோ நூற்றுக்கணக்கான துண்டாகியிருந்தது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று சொல்லக்கூடியது டேட்டாபேஸ் மட்டும்தான். கிட்டங்கியில் வந்து விழுந்த நேரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் புரோகிராம் ஒரே நேரத்தில் பல துண்டுகளை அனுப்பும். ஒரே விநாடியில் விழுந்தவற்றில் எது முந்தி என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லா வரிசையையும் போட்டுப் பார்த்து, படம் உடையாமல் ஓடுகிற வரிசையைத் தேட வேண்டும். அப்போதுதான் அதற்கு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் செருப்புக் கதை எதையும் கேட்கவில்லை. நேராகக் கேட்டாள்.

"அப்பம் தாலி கட்டுத வீடியோ?"

"அதுக்குள்ளதான் இருக்கு. இப்பம் எடுக்க முடியல."

"போட்டோ இருக்குல்லா மோளே, நல்ல தெளிவா," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"போட்டோ எனக்கு எதுக்குண்ணே? போட்டோல அவரு எல்லாத்துலயும் பாஸ்போர்ட்டுக்கு நிக்க மாதிரி நிக்காரு." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "தாலி கட்டும்போ எனக்க காதுகிட்ட என்னமோ சொன்னாரு. மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நான் சும்மா தலையாட்டிட்டேன். பொறவு மூணாம் நாளே கெளம்பிப் போயாச்சு. போன்ல கேட்டா, வீடியோல பாத்துக்கோன்னு சொல்லிச் சிரிக்காரு. அதாக்கும்."

"கேக்கலன்னா அப்பமே சொல்லிருக்கலாமே," என்றார் ஸ்டுடியோக்காரர். "மைக்கு அவனுக்க சட்டையிலதான் குத்தியிருந்தேன்."

"ஆமா, ஊருக்கெல்லாம் கேட்டிருக்கும். எனக்குத்தான் கேக்கல." ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தாள். "எக்கா, ஒண்ணு கேக்கேன், கோவப்படக்கூடாது. நீங்க படிச்சதே இதுக்குத்தான? பொறவு எப்பிடிக் கலந்துச்சு?"

எங்கள் முதலாளி சர்வருக்குப் பால் காய்ச்சினார் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், நிறுத்த முடியாமல். ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை.

"அது செய்யணும்தான மோளே," என்றார். "ஆடியில எப்பிடி ஏத்துவாவ?"

திரும்பி வரும் பஸ்ஸில் நடந்ததை வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தேன். எரிச்சல் என்னவென்றால், கோபப்பட ஓர் ஆள் கிடைக்கவில்லை. அண்ணாச்சி கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஸ்டுடியோக்காரர் டிக்கைப் பார்த்துத்தான் அழித்தார், அந்த டிக்கை நம்பச் சொன்னது நாங்கள். டேட்டாபேஸ் தனக்குக் கொடுத்ததை ஒழுங்காக எழுதிக்கொண்டது. நான் எண்ணினேன், சரியாக இருந்தது. எல்லாரும் அவரவர் வேலையை முறைப்படி செய்ததில் ஒரு கல்யாணம் துண்டாகிவிட்டது. அந்த மாப்பிள்ளைமேல் கொஞ்ச நேரம் கோபப்பட்டுப் பார்த்தேன். கேட்டால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. அதுவும் நிலைக்கவில்லை.

அலுவலகத்தில் அண்ணாச்சி காத்திருந்தார்.

"கிட்டிச்சா?"

"போட்டோ கிட்டிச்சு. பெரிய வீடியோ கிட்டல."

சுவரில் இருந்த காலண்டரைப் புரட்டினார். பிறகு, "ஆவணியில ஒரு நல்ல நாள் பாத்து..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி."

"இல்ல மக்கா, சும்மா தேங்கா ஒடைக்கதுக்கு. சர்வரைத் தொடமாட்டேன்."

சர்வரிலும் முகவரித் திரையிலும் அவருக்கு இருந்த உரிமையை அவர் முன்னாலேயே குறைத்தேன். இப்போது அவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியும், எதையும் மாற்ற முடியாது. அவர் "நல்லதுதான்," என்றார். பிறகு எனக்கு டீ சொல்லிவிட்டார். பால் சொல்லவில்லை.

இப்போதைய நிலை இது. புது சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. பழையது அணைந்து கிடக்கிறது, அதிலிருந்து எதையும் அழிக்கவில்லை. துப்புரவு புரோகிராமை ஸ்டுடியோவின் அறைக்கு மட்டும் இன்னும் நிறுத்தியே வைத்திருக்கிறேன். போட்டோக்கள் முழுவதையும் ஸ்டுடியோக்காரருக்கு இரண்டு பிரதியாகக் கொடுத்தாயிற்று. ஒன்றைக்கூட அழிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வேலை இல்லாத நேரங்களில் வீடியோத் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். இதுவரை சேர்ந்த பகுதியில் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருக்கிறார், பெண்ணை அழைத்து வரச் சொல்கிறார்கள். தாலி கட்டும் இடம் இன்னும் வரவில்லை.